கோவர்ருபியாஸ் வரைந்தது என்று சொல்லி விற்ற தாள்: மெக்சிகோ புத்தக ஓவியங்களின் அசலைத் தேடுவோருக்கு

22,000 பேசோ போனது, ஏழு மாதம் போனது. அந்த ஏழு மாதத்தில் நான் தெரிந்துகொண்டது எதுவும் ரகசியமில்லை. வாங்குவதற்கு முன் யாராவது ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும். அப்படிச் சொல்ல ஆள் கிடைக்காமல் தனியாக மாட்டிக்கொண்டதால், அடுத்து வாங்கப் போகிறவர்களுக்காக எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வாங்கியது உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு தாள். தலையில் காணிக்கை சுமந்து போகும் பாலித்தீவுப் பெண், கறுப்பு மையில் வரைந்தது. மெக்சிகோ ஓவியர் மிகெல் கோவர்ருபியாஸின் ‘ஐலண்ட் ஆஃப் பாலி’ 1937இல் நியூயார்க்கில் வந்த புத்தகம். அதற்காக அவர் வரைந்த அசல் இது என்று மெக்சிகோ நகரத்துப் பழம்பொருள் சந்தை ஒன்றில் சொன்னார்கள். தாள் நன்றாகப் பழுத்திருந்தது. ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள், கீழே பெரிய எழுத்தில் கையெழுத்து. 1923இல், இருபது வயது நிரம்பும் முன்பே, நியூயார்க் போய்ப் பெரிய பத்திரிகைகளின் கேலிச்சித்திரக்காரராக நின்ற மனிதர். அவர் கை பட்ட தாள் என்றதும் மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது. முதலில் செய்திருக்க வேண்டிய வேலை, அந்தப் புத்தகத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அதை நான் செய்யவில்லை. சுவரில் மாட்டும் ஓவியத்துக்கு இல்லாத வசதி புத்தக ஓவியத்துக்கு உண்டு. அதற்கு அச்சிலேயே சாட்சி இருக்கிறது. ஆகவே முதலில் புத்தகம், பிறகுதான் ஓவியம். புத்தகம் கைக்குக் கிடைக்கும்வரை அசலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மெக்சிகோ நகரத்தில் தோன்செலெஸ் தெருவின் பழைய புத்தகக் கடைகளிலும், ஞாயிற்றுக்கிழமை கூடும் லா லகுனியா சந்தையிலும் பொறுமையாகத் தேடினால் பழைய பதிப்புகள் வரும். முதல் பதிப்பு கிடைக்காவிட்டாலும் அதே அளவில் வந்த மறுபதிப்பு ஒன்று ஒப்பிட உதவும்.

‘அசல்’ என்ற சொல்லே முதல் குழப்பம். விற்பவர்கள் ‘ஒரிஜினல்’ என்று சொல்லும்போது மூன்று வேறு பொருள்களில் ஒன்றைச் சொல்லலாம். அச்சுக்காக ஓவியர் வரைந்து கொடுத்த தாள் ஒன்று. அவர் செதுக்கிய மரத்திலிருந்தோ லினோலியத்திலிருந்தோ, அவரே படம் வரைந்த அச்சுக்கல்லிலிருந்தோ (லித்தோ) நேரடியாக எடுத்த அச்சு இரண்டாவது. அந்த அச்சுக்கட்டையே மூன்றாவது. மூன்றும் சேகரிக்கத் தக்கவைதான், ஆனால் விலையும் சோதனையும் வேறு வேறு. இந்த மூன்றிலும் சேராத நாலாவது ஒன்றும் அதே பெயரில் விற்கப்படுகிறது: புத்தகத்திலிருந்து வெட்டி எடுத்து, சுற்றிலும் மவுண்ட் அட்டை போட்டு, பிரேமுக்குள் அடைத்த அச்சுப் பக்கம். பழைய பதிப்பின் பக்கம் என்பதால் தாள் உண்மையிலேயே பழையதாக இருக்கும், படமும் உண்மையிலேயே அந்த ஓவியருடையதாக இருக்கும். ஓவியரின் கை அந்தத் தாளில் பட்டிருக்காது, அவ்வளவுதான். உலகச் சுங்கப் பட்டியலே இதைப் பிரித்து வைத்திருக்கிறது. கையால் வரைந்தது 9701, கையால் செய்த தகட்டிலிருந்து நேரடியாக எடுத்த மூல அச்சு 9702. இயந்திர முறையிலோ ஒளிப்பட முறையிலோ எடுத்தது 9702இல் சேராது. விற்பவரிடம் பேசும்போது ‘இது 9701ஆ, 9702ஆ?’ என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

என் தாளை வாங்கி மூன்று வாரம் கழித்துத்தான் புத்தகம் கிடைத்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து ஓவியத்தை மேலே வைத்தேன். படம் படத்தின் மேல் கச்சிதமாகப் பொருந்தியது. முதலில் சந்தோஷப்பட்டேன், அதுதான் ஆபத்தின் அறிகுறி என்று அப்போது தெரியாது. அந்தக் காலத்து அச்சில் கோட்டோவியத்தை ஒளிப்படம் எடுத்து ஜிங்க் பிளாக், அதாவது துத்தநாக அச்சுக்கட்டை, செய்வார்கள். கேமராவில் சிறிதாக்கும்போது கை நடுக்கமும் சின்னப் பிசிறுகளும் மறையும் என்பதால் ஓவியர்கள் பெரும்பாலும் அச்சு அளவைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு பெரிதாகத்தான் வரைந்து கொடுப்பார்கள். அச்சான அளவிலேயே ஓர் ‘அசல்’ இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம், அதே அளவில் வரைந்தவர்களும் உண்டு. ஆனால் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டிய நேரம் அது.

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். முதலில் அது அச்சா, கையால் வரைந்ததா என்று பாருங்கள். சாம்பல் நிறப் பகுதிகள் ஒழுங்கான புள்ளி வரிசையாகப் பிரிந்தால் ஹாஃப்டோன் அச்சு. சியான், மெஜந்தா, மஞ்சள் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் இன்றைய இங்க்ஜெட். கோட்டின் விளிம்பில் மை பிதுங்கி இருண்ட கரை கட்டியிருந்து, தாளைத் திருப்பி விரலால் தடவினால் லேசான மேடு தட்டுப்பட்டால், பிளாக் வைத்து அழுத்திய லெட்டர்பிரஸ். கல் லித்தோவில் மை தட்டையாக இருக்கும், ஆனால் கறுப்புக்குள் கல்லின் மணல் போன்ற சொரசொரப்பு தெரியும். என் தாளில் இவை எதுவும் இல்லை, கையால் வரைந்ததுதான். யார் கை என்பதுதான் கேள்வி.

அதற்கும் புத்தகமே பதில் சொன்னது. பெண்ணின் இடுப்புத் துணியில் மடிப்புக்காக நெருக்கமாகப் போட்ட கோடுகள் அச்சில் ஓரிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கறுப்புத் திட்டாகியிருந்தன. சிறிதாக்கிய பிளாக்கில் மை அடைத்துக்கொண்டால் இப்படி ஆகும். அசலில் அந்த இடத்தில் தனித்தனிக் கோடுகளும் நடுவே வெள்ளையும் இருந்தாக வேண்டும், ஏனென்றால் ஓவியர் வரைந்தது கோடுகளைத்தான். என்னிடமிருந்த தாளிலோ அச்சில் இருந்த அதே திட்டு, அதே வடிவில், மை வைத்து நிரப்பப்பட்டிருந்தது. தோளருகே அச்சில் மெல்லிய கோடு ஒன்று அறுந்திருந்தது, தாளிலும் அது அதே இடத்தில் அறுந்திருந்தது. அச்சின் குறைகளையும் சேர்த்து வரைகிற கை, அச்சைப் பார்த்து வரைந்த கை. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. பணத்தைவிட, மூன்று வாரமாக அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடைந்த மகிழ்ச்சி அத்தனையும் யாரோ ஒருவர் விளக்குப் பலகையில் வைத்து எடுத்த பிரதிக்காக என்பதுதான் அறுத்தது.

அதன் பிறகு மற்ற அடையாளங்களும் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. தேர்ந்த கையின் கோடு ஒரு வேகத்தில் தொடங்கி ஒரு வேகத்தில் முடியும், முனை கூர்ந்து விலகும். பின்பற்றி வரைகிற கோடு வளைவுகளில் தயங்கும். தயங்கிய இடத்திலெல்லாம் மை குட்டையாகத் தேங்கி லூப்பில் சின்ன முடிச்சாகத் தெரியும். என் தாளில் முகத்தின் ஒரே ஒரு வளைவில் நாலு முடிச்சு. அடுத்தது தாளும் மையும். பழைய தாளில் புதிதாக வரைந்தால் மை காட்டிக்கொடுக்கும். மை பரவாமலிருக்கத் தாளுக்கு முதலில் போட்டிருந்த கஞ்சிப்பதம் பல பத்தாண்டுகளில் செத்துவிடும், அதன் மேல் புது மை போட்டால் இழைகளுக்குள் கசிந்து விளிம்பு மயிர்க்கால் விடும். தாள் புதிதாக இருந்தபோதே வரைந்த கோட்டில் விளிம்பு கூர்மையாக நிற்கும். மடிப்புக் கோடு ஓவியத்தைக் கடக்கும் இடத்தையும் பாருங்கள். வரைந்த பிறகு மடித்திருந்தால் மை விரிசல் விட்டிருக்கும், மடிந்த பிறகு வரைந்திருந்தால் மை மடிப்புக்குள் வழிந்திருக்கும். எனக்கு விற்கப்பட்ட தாளில் வழிந்திருந்தது. ஒரு பக்க ஓரம் மட்டும் கிழிந்தாற்போல இருந்ததும், அதில் சம இடைவெளியில் நூல் துளைகள் இருந்ததும் பிறகுதான் புரிந்தது. யாரோ பழைய புத்தகம் ஒன்றின் எழுதாத முன்பக்கத் தாளை உருவியிருக்கிறார்கள். பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களுக்குச் சந்தையில் இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

புற ஊதா டார்ச் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். 365 நானோமீட்டர் அலைநீளம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் வேதிப்பொருள் 1950 வாக்கில்தான் பரவலானது. ஆகவே 1930களின் ஓவியம் என்று சொல்லும் தாள் இருட்டில் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அதை வைத்துவிட்டு நடக்கலாம். ஆனால் ஒளிராமல் இருப்பது எதையும் நிரூபிக்காது. என்னுடையது ஒளிரவில்லை, உண்மையிலேயே பழைய தாளாயிற்றே. சந்தையில் என்னிடம் அந்த டார்ச் இருந்தது, அடித்துப் பார்த்தேன், அந்த ஒரு சோதனையை நம்பித்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

கையெழுத்தை வைத்து வாங்குவதும் அதே மாதிரிதான். அச்சான படத்தில் கையெழுத்து இருந்தால் அசலில் அதே இடத்தில், அதே சாய்வில் இருக்க வேண்டும். அச்சில் இல்லாத கையெழுத்து தாளில் இருந்தால் எப்போது, யாருக்காகப் போட்டது என்று கேளுங்கள். புத்தகத்துக்குள் வரும் சின்னக் கோட்டோவியங்களில் ஓவியர்கள் பெரும்பாலும் கையெழுத்துப் போடுவதே இல்லை. என் புத்தகத்தின் பக்கத்திலும் இல்லை. உண்மையில் அச்சுக்குப் போய்வந்த ஓவியத்துக்குக் கையெழுத்தைவிட நல்ல சாட்சிகள் உண்டு: ஓரத்தில் நீலப் பென்சிலில் எழுதிய அளவு, ‘இத்தனை சென்டிமீட்டருக்குக் குறைக்கவும்’ என்ற குறிப்பு, வெட்டுக்குறிகள், பக்க எண், பின்னால் பதிப்பகத்தின் முத்திரை, வெள்ளை கோவாஷ் (அடர்ந்த நீர்வண்ணம்) வைத்து மறைத்த தவறுகள், மைக்கு அடியில் அழிக்காமல் விட்ட பென்சில் கோடு, ஓவியத்தின் மேல் மூடுதாள் ஒட்டியிருந்த இடத்தில் ரப்பர் பசையின் பழுப்புக் கறை. அழுக்காகத் தெரியும் இவற்றை விற்பவர்களே சில சமயம் மவுண்டுக்குள் மறைத்து விடுகிறார்கள். எப்போதும் பிரேமைக் கழற்றி முழுத் தாளையும், முன்னும் பின்னும், காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம்.

பணம் திரும்பக் கேட்கப் போனபோதுதான் ரசீதை ஒழுங்காகப் படித்தேன். ‘மைக்கோட்டோவியம், பிரேமுடன்’ என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் இல்லை, புத்தகம் இல்லை, ஆண்டு இல்லை. மெக்சிகோவில் சாதாரண ரசீது நோட்டா, வரிக்கணக்கோடு வருவது ஃபாக்துரா. ஃபாக்துரா கேட்டால் 16 சதவீத வரி சேரும் என்றார்கள். 3,520 பேசோ மிச்சம் என்று நோட்டாவுக்கு ஒத்துக்கொண்டேன். அந்த மிச்சம்தான் என் கையைக் கட்டியது. ஓவியரின் பெயர், தொழில்நுட்பம், அளவு, எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்துக்கானது, யாரிடமிருந்து வந்தது, போலி என்று நிரூபணமானால் இத்தனை நாளுக்குள் பணம் திருப்பித் தரப்படும் என்ற வரி, இவ்வளவும் எழுத்தில் வேண்டும். ‘ஒப்ரா தெ’ என்று பெயரோடு எழுதினால் அவருடைய படைப்பு என்று பொறுப்பேற்பது. ‘அத்ரிபுயிதோ அ’ என்றால் அவருடையதாகக் கருதப்படுகிறது, அவ்வளவுதான். அந்த ஒரு சொல் மாற்றத்தில் உங்கள் உரிமை கரைந்துவிடும். தாள் பாதுகாப்பு நிபுணரின் சோதனைக்கு 3,000, முன்பே போட்ட பிரேமுக்கு 2,800 என்று மொத்தம் 27,800 பேசோ. ஒரு பேசோகூடத் திரும்பவில்லை.

வந்த வழி என்ற கேள்வி கௌரவத்துக்காகக் கேட்பதில்லை. முன்பெல்லாம் பல பதிப்பகங்கள் ஓவியரின் தாளைத் திருப்பித் தந்ததே இல்லை. அலமாரியில் கிடந்தது, யாரோ எடுத்துப்போனது, குப்பையிலிருந்து மீட்டது என்று எத்தனையோ கதை. ஆகவே தாள் உண்மையாக இருந்தும் உரிமை கேள்விக்குரியதாக இருக்கலாம். ஓவியரின் குடும்பத்திலிருந்தோ, பதிப்பகத்தின் விற்பனை ஆவணத்தோடோ வந்ததா என்று கேளுங்கள். சிலவற்றைக் கேட்கவே வேண்டியதில்லை. 1960களில் இலவசப் பாடநூல்களின் அட்டையாக வந்து மெக்சிகோவின் எல்லா வீட்டிலும் இருந்த ஹோர்ஹே கொன்சாலெஸ் கமரேனாவின் ‘தாய்நாடு’ ஓவியம் அந்தப் பாடநூல் ஆணையத்திடமே இருக்கிறது. கோவர்ருபியாஸின் ஆவணங்கள் புவெப்லா அமெரிக்காஸ் பல்கலைக்கழக நூலகத்தில், சோலுலாவில், இருக்கின்றன. பெரிய தொகை கொடுக்கும் முன் அங்கே எழுதிக் கேட்பது நல்லது. நான் பிறகுதான் எழுதினேன்.

ஒரோஸ்கோ, ரிவேரா, சிகெய்ரோஸ், ஃப்ரீதா காலோ, மரியா இஸ்கியெர்தோ, ரெமெதியோஸ் வாரோ போன்ற சில ஓவியர்களின் படைப்புகள் மெக்சிகோவில் கலைச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவற்றைத் தனியார் வாங்கலாம், வைத்திருக்கலாம், ஆனால் நிரந்தரமாக நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. கண்காட்சிக்குத் தற்காலிகமாக அனுப்பவும் தேசிய நுண்கலை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். ஸ்டைன்பெக்கின் ‘முத்து’ நாவலுக்கு 1947இல் ஒரோஸ்கோ வரைந்தாரே, அப்படிப்பட்ட ஓவியத்தை மெக்சிகோவுக்குள் வாங்கிப் பெட்டியில் வைத்து விமானம் ஏறினால் சட்டச் சிக்கல்தான். கோவர்ருபியாஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் பெயரும் பிறந்த இறந்த ஆண்டும் அளவும் எழுதிய ஃபாக்துரா இல்லாமல் விமான நிலையத்தில் எதையும் விளக்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு இந்த ஆசை போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் தொடங்குகிறவர்கள் தனி ஓவியத்தில் தொடங்காமல் மூல அச்சில் தொடங்கலாம். அமெரிக்காவின் லிமிடெட் எடிஷன்ஸ் கிளப் வெளியிட்ட, கோவர்ருபியாஸ் படம் போட்ட புத்தகங்கள் இருக்கின்றன: 1932இல் ‘பத்துவாலா’, 1935இல் ‘டைப்பி’, 1938இல் லித்தோ படங்களோடு ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’. வழக்கமாக 1,500 பிரதி, எண்ணிட்டு ஓவியர் கையெழுத்தோடு. கையெழுத்து எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும் என்பதால் ஏமாறும் வாய்ப்பு குறைவு. அதே படங்களோடு வந்த ஹெரிடேஜ் பிரஸ் மறுபதிப்பில் கையெழுத்து கிடையாது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

லெயோபோல்தோ மெந்தெஸும் தோழர்களும் 1937இல் தொடங்கிய மக்கள் அச்சோவியப் பட்டறையின் லினோகட்டுகள் (லினோலியத்தில் செதுக்கி எடுத்த அச்சுகள்) இன்னொரு நல்ல வாசல். 1947இல் அவர்கள் கொண்டுவந்த மெக்சிகோ புரட்சித் தொகுப்பில் 85 லினோகட், 550 பிரதி. இங்கே வரும் தொல்லை பின்னாளில் அதே கட்டையில் எடுத்த அச்சு. லினோலியம் வருஷம் ஆக ஆகக் காய்ந்து வெடிக்கும், அந்த வெடிப்பு பின்னாள் அச்சில் கறுப்புக்குள் முடி போன்ற வெள்ளைக் கோடாக ஓடும். நல்ல முதல் அச்சின் படத்தை அருங்காட்சியக இணையதளத்திலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, கறுப்பு நிறைந்த பகுதிகளை ஒப்பிடுங்கள். பழைய மெக்சிகோ அச்சோவியர் போசாதாவின் படங்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அவர் இறந்தது 1913இல், கட்டைகள் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டே இருந்தன. 1930இல் வந்த பெரிய தொகுப்பில் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட படங்கள். அந்தத் தொகுப்பின் தாளை வெட்டி ‘போசாதா காலத்து அச்சு’ என்று விற்றால், அது 1930இன் அச்சு என்று சொல்லி 1930க்குரிய விலையைப் பேசுங்கள்.

இன்று வாழும் குழந்தை நூல் ஓவியர்களிடம் நேரடியாக வாங்குவது எல்லாவற்றிலும் மனநிறைவானது. மெக்சிகோ நகரத்தின் சிறுவர் புத்தகக் கண்காட்சியிலும், நவம்பர் கடைசியில் தொடங்கும் குவாதலஹாரா புத்தகக் கண்காட்சியிலும் அவர்களைப் பார்க்கலாம். முதல் கேள்வி, இந்தப் புத்தகத்தில் கையில் வரைந்த தாள் எது, கணினியில் சேர்த்தது எது என்பது. கோட்டை மட்டும் தாளில் வரைந்து வண்ணத்தைக் கணினியில் போடுகிறவர்கள் நிறைய. அப்போது அசல் என்பது அந்தக் கறுப்புக் கோட்டுத் தாள்தான், வண்ணத்தில் தருவது அச்சுப்பிரதி. தாள் உங்களுடையதானாலும் அந்தப் படத்தை வாழ்த்து அட்டையாக அச்சடிக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும்.

கொண்டுபோகும்போது கீறல் அட்டையில் (மை பூசிக் கீறி வரையும் அட்டை) வரைந்தவற்றைச் சுருட்டவே கூடாது. மேலே பூசிய வெள்ளைக் களிமண் செதிலாக உதிரும். அமிலமில்லாத இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து, நாலு மூலையிலும் தாள் முக்கோணத்தால் பிடித்து, ஓவியத்தின் மேல் எந்த டேப்பும் படாமல் கட்டுங்கள். வீட்டில் மாட்டினால் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். தாள் ஓவியத்துக்கு அருங்காட்சியகங்கள் கொடுக்கும் வெளிச்சம் 50 லக்ஸ்தான். இந்திய மை தாங்கும், சாயம் கலந்த வண்ண மைகள் சில ஆண்டிலேயே வெளுத்துவிடும்.

அந்தப் பாலித்தீவுப் பெண் இப்போது பிரேமில் இல்லை. புத்தகத்தின் அதே பக்கத்தில், அமிலமில்லாத உறைக்குள் இருக்கிறாள். பின்புறத்தில் மென்மையான பென்சிலால் ‘அச்சைப் பார்த்து வரைந்த பிரதி, அசல் அல்ல’ என்று ஸ்பானியத்தில் எழுதி, சோதனை அறிக்கையின் நகலையும் கூடவே வைத்திருக்கிறேன். பாதி விலைக்கு வாங்க ஒருவர் கேட்டார். கொடுக்கவில்லை.